பெட்டி பிழை விடவில்லை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
மே 19, திங்கட்கிழமை.

அன்பு மகள் ஜெனிதாவுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் அப்பாவும் நானும் இருக்கிறோம். சுகமாயிருக்கிறோம் என்று எழுதினால் அது பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ அங்கே சாப்பிடாமல் கிடப்பாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன், மிச்சத்தை வாசிக்க வாசிக்க அறிந்துகொள்வாய். நீ தேக சுகத்தோடு இருக்கவேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்து மணி உனக்கென்றே தனியாகச் சொல்லி வருகிறேன். வெலிங்டனில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ. தினமும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறவள் எதற்காகக் கடதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாலு தரம் முயன்றேன் பிள்ளை. உன் முகம் அந்தச் சதுரத்துக்குள் வந்து அம்மா என்று கூப்பிட்டவுடன் என் வாய் வேறு கதைக்கு ஓடிவிடுகிறது, இன்றைக்குச் சூடை மீன் நல்லது, பாக்கியரத்தினம் மாஸ்டருக்கு முழங்கால் வீக்கம் என்று. கடதாசி குறுக்கே கேள்வி கேட்காது. இதை நானே படம் எடுத்தால் பாதிக்கு என் பெருவிரல்தான் விழும், ஆகவே சந்தியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிற பஹ்மியிடம் கொடுத்து ஸ்கான் பண்ணி உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் அடுத்தவர் கடிதத்தை வாசிக்கமாட்டார், அப்படியான மனிதர். வியாழக்கிழமை உங்கள் வேலையிடத்துக் கூட்டம் என்றாயே, அதற்கு முதல் இதை முழுவதும் வாசித்துவிடு. நடுவில் கோபம் வரும், வந்தாலும் நிறுத்தாதே.

அப்பாவின் நிலைமையை முதலில் சொல்கிறேன். பாரிசவாதம் வந்து ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. வலது கால் இன்னும் இழுவைதான், நான் தோள் கொடுத்தால் கட்டிலில் இருந்து விறாந்தைக் கதிரை வரைக்கும் வருகிறார், வந்து இருந்ததும் கப்பல் ஒன்றைக் கரைக்கு இழுத்து வந்தவர் போல் பெருமூச்சு விடுகிறார், எனக்கும் அதே மூச்சுத்தான் வருகிறது. பேச்சில் ஓம், இல்லை, கப் என்ற மூன்று சொல்லுக்கு மேல் இன்னும் ஏறவில்லை. கப் என்றால் கப்டன், எங்கள் பூனை. தண்ணீர் வேண்டும் என்றாலும் கப்தான், யன்னலைச் சாத்து என்றாலும் கப்தான், நான் முகத்தைப் பார்த்து எது என்று கண்டுபிடிக்கவேண்டும். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் இழுவைப்படகு ஓட்டி, கப்பல்காரரோடு கத்திக் கத்திக் குரல் தடித்துப்போன மனிதர், இப்போது மூன்று சொல்லுக்குள் சீவிக்கிறார். காது மட்டும் நன்றாகக் கேட்கும், நாங்கள் கதைப்பது முழுவதும் விளங்கும், அதை மறந்து போகாதே, பின்னுக்கு அந்தக் கதை வரும். எனக்கு இடுப்பும் நாரியும் விட்டுப்போகிறது. காலையில் அவரைப் புரட்டித் துடைத்து, உடுப்பு மாற்றி, தேத்தண்ணி பருக்கி முடிய எனக்குத் திரும்பப் போய்ப் படுக்கலாமா என்று இருக்கும், மணியைப் பார்த்தால் எட்டரை. கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது, வீடு முழுக்கப் புழுதி, கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் ஒன்றுதான். நான் சலித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே, சலித்துத்தான் போயிருக்கிறேன்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், எந்த இடத்தில் எது நடந்தது என்று ஒழுங்காக வரவேண்டும், கச்சேரியில் முப்பது வருடம் பிறப்புப் பதிவு எழுதிய கை வேறு விதமாக எழுதாது. நத்தாருக்கு, மார்கழி லீவில், நீ வந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து பின்மதிலில் பூட்டினாய். மதிலுக்கு அப்பால் பாக்கியரத்தினம் மாஸ்டரின் வெறும் வளவு, வீடு கட்டப் பறித்த கிறவல் கல் அப்படியே கிடக்கிறது, அந்தக் கிறவலில்தான் வருடா வருடம் ஆட்காட்டிக் குருவிகள் முட்டை இடுகின்றன, வருடா வருடம் பூனைகள் அவற்றின் குஞ்சுகளைத் தின்கின்றன. மீன் இறக்குகிற இடத்தில் கொழுத்த பூனைகள் பத்துப் பன்னிரண்டு, அவற்றுக்குப் பசிகூட இல்லை, பொழுதுபோக்குக்குப் பிடிக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் ஆரோ சோற்றில் மருந்து வைத்து நாலு பூனை வேலியோரம் செத்துக் கிடந்ததை நீ மறக்கவில்லை. இனி கல்லும் இல்லை மருந்தும் இல்லை, பெட்டி கண்ணால் பார்த்து, இது பூனை என்று தானே யோசித்து, கொஞ்சம் தண்ணீரைப் பீச்சும், பூனைக்கும் நோகாது குருவிக்கும் நோகாது என்றாய். அணில் வந்தாலும் மான் வந்து நின்றாலும் பெட்டி சும்மா இருக்கும், பூனைக்கு மட்டும்தான் பீச்சும், அந்தப் புத்தியைத்தான் நீங்கள் அங்கே இருந்து உண்டாக்கினீர்கள் என்று விளங்கப்படுத்தினாய். பின்னேரம் ஐந்து மணிக்கு அன்றைய படங்கள் என் போனுக்கு வரும், ஒவ்வொன்றுக்கும் கீழே பூனை, பூனை இல்லை என்று இரண்டு பொத்தான், நான் சரியானதை அழுத்தவேண்டும், நான் அழுத்துவதைப் பார்த்து அது படிக்கும். அம்மா, நீங்கள்தான் இதுக்கு ரீச்சர், நீங்கள் சொல்லுறதைத்தான் அது நம்பும் என்றாய். அந்தச் சொல் இப்போது எனக்குக் குத்துகிறது.

முதல் கிழமையில் நல்ல பகிடி நடந்தது. அப்பாவுக்குக் கோயிலில் இருந்து நன்மை அப்பம் கொண்டுவந்த கன்னியர்மடத்துச் சிஸ்டர் பின்வளவால் வந்து, கழன்ற செருப்பைக் குனிந்து மாட்டியிருக்கிறா, சாம்பல் உடுப்பைக் கண்ட பெட்டி முகத்துக்கே பீச்சிவிட்டது. மாகிரட் அக்கா, உங்கட வீட்டில எனக்கே தீர்த்தம் தெளிக்கிறீங்களோ என்று கேட்டுச் சிரித்தா. அன்றைக்கு நான் பூனை இல்லை என்று சரியாக அழுத்தினேன், அதன் பிறகு சிஸ்டர் எத்தனை தரம் வந்தும் பெட்டி ஒன்றும் செய்யவில்லை. ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொள்கிறதே என்று எனக்கு அதன் மேல் ஒரு விருப்பம் வந்தது. மீன்துறைப் பூனைகளை அது மாசிக்குள் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டது, மதிலுக்கு வரும், தண்ணீரை நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும். ஆகவே பெட்டி மட்டமான பெட்டி இல்லை பிள்ளை. அதை நான் கண்ணால் கண்டவள்.

கப்டன் வருகிற வழியும் அந்த வளவுதான். இந்தப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் வெள்ளை நெஞ்சோடு இருக்கிற பூனை அவன் ஒருவன்தான், அவனுக்கும் பெட்டி பீச்சியது, பீச்சாமல் என்ன செய்யும். நீ திரும்பிப் போன அடுத்த கிழமை இரண்டு நாள் அடுத்தடுத்து நனைந்து வந்தான், வந்தவன் அப்பாவின் கட்டிலுக்குப் போகாமல் அலுமாரிக்குக் கீழே புகுந்து கிடந்தான், பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஜுமானா அப்பாவின் வலது கைக்குப் பயிற்சி தொடங்கியிருந்தா. ஆஸ்பத்திரிப் பயிற்சி வேலை முடிய செவ்வாயும் வெள்ளியும் வருவா என்று உனக்குத் தெரியும். பந்து கொடுத்துப் பார்த்தா, துவாயைச் சுருட்டிக் கொடுத்துப் பார்த்தா, அப்பா அந்தக் கையைத் தன் கை என்றே நினைக்கவில்லை, மற்ற ஆரோ கட்டிலில் வைத்துவிட்டுப் போன சாமான் போல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கப்டன் அந்தக் கைக்குள் வந்து சுருண்டு படுத்தபோது சுட்டுவிரல் அசைந்தது. ஜுமானா என்னைக் குசினியில் இருந்து கூப்பிட்டுக் காட்டினா. இனி மருந்து மாதிரி இந்தப் பூனையைப் பாவிப்பம் அன்ரி, நேரத்துக்கு வரட்டும் என்றா. பூனை எங்கே நேரத்துக்கு வரும், ஆனால் இவன் வந்தான், மத்தியானம் சரியாக வந்து படுப்பான், அப்பா தடவுவார், ஒரு விரல் இரண்டாகி இரண்டு மூன்றாகியது. அந்த நேரத்தில்தான் பெட்டி அவனைத் துரத்தியது. நாலு நாள் அவன் வரவில்லை. அப்பா கப், கப் என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார், ஐந்தாம் நாள் கூப்பிடுவதை விட்டார், கையையும் விட்டார், கஞ்சியைத் துப்பினார்.

அன்று பின்னேரம் படங்கள் வந்தன. கப்டன் மதிலில் பதுங்கி நிற்கிற படம் ஒன்று இருந்தது. கீழே இரண்டு பொத்தான். நான் பூனை இல்லை என்று அழுத்தினேன். கை தவறி அழுத்தவில்லை ஜெனிதா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பார்த்து, தெரிந்துதான் அழுத்தினேன். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். மறுநாளும் படம் வந்தது, மறுநாளும் அழுத்தினேன். ஒரு கிழமையில் பெட்டி படித்துக்கொண்டது, மஞ்சளாக வெள்ளை நெஞ்சோடு வருவது பூனை இல்லை என்று. கப்டன் ராசா மாதிரி அதன் முன்னால் நடந்து வந்தான், அப்பாவின் கைக்குள் படுத்தான், ஜுமானா மெச்சினா, நான் தினமும் ஐந்து மணிக்குப் பொய் எழுதினேன். கச்சேரியில் ஒரு பிள்ளையின் பிறந்த திகதியை ஒரு நாள் மாற்றித் தரச் சொல்லிப் பெரிய ஆட்கள் வந்து நின்றபோதும் மாற்றாதவள் நான். பெட்டிக்குச் சொல்கிற பொய் ஆருக்கும் சொல்கிற பொய் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின தபசு காலத்தில் ஆட்காட்டிகள் நாலு முட்டை இட்டன. மாஸ்டர் முழங்கால் வலியோடு மதிலடிக்கு வந்து எட்டிப் பார்ப்பார், கிறவலுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது, நான்தான் விரலால் காட்டுவேன். இந்த முறை உங்கட மகளின்ர பெட்டி இருக்குது, நாலும் தப்பும் என்று அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். கப்டனுக்கு வயிறு நிறைய மீன் போடுகிறேன், அவன் வயதுபோனவன், அவனுக்கு எதற்குக் குஞ்சு என்று என்னையே தேற்றினேன். கதவைப் பூட்டி அவனை உள்ளே வைத்தும் பார்த்தேன், நுளம்பு வலையைக் கிழித்துக் கத்திக் கூத்தாடினான், அப்பாவுக்கு மூச்சு ஏறிவிட்டது, திறந்துவிட்டேன். உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாள் குஞ்சு பொரித்தன. நாலும் எழும்பி, கால் மட்டும் நீளமாக, தாய்க்குப் பின்னால் ஓடித் திரிந்ததை உனக்குப் போனில் காட்டினேனே. நீ கையைத் தட்டினாய்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் அப்பாவை இடது பக்கம் புரட்டி முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை அவருடைய தோளில், மற்றக் கையில் துணி. ஆட்காட்டிகள் கத்தத் தொடங்கின. ஆளைக் கண்டு கத்துகிற கத்தல் இல்லை, அது வேறு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கையை எடுத்தால் அப்பா முகங்குப்புற விழுவார். நான் கையை எடுக்கவில்லை. துடைத்து, சவர்க்காரம் போகக் கழுவி, பவுடர் போட்டு, தலையணை வைத்து, அவரை நேராகக் கிடத்தி முடிய இருபது நிமிடம், அந்த இருபது நிமிடமும் அவை கத்தின, பிறகு நின்றுவிட்டன. கப்டன் யன்னலால் வந்தான். வாயை நக்கிக்கொண்டு அப்பாவின் கைக்குள் படுத்தான், அப்பா தடவினார், சிரித்தார். நான் குசினிக்குப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று குஞ்சு செத்துக் கிடந்ததைப் பிறகு மாஸ்டர் கிறவலுக்குள் கண்டார், நாலாவதைக் காணவில்லை. பெட்டி அவருடைய முகத்துக்கு நேரே, சும்மா, பச்சை லைற்றைப் போட்டுக்கொண்டு இருந்தது. என்ன மாகிரட், பெட்டிக்குக் கண் போட்டுதோ என்றார். உப்புக் காற்றுப் பட்டிருக்கும் மாஸ்டர் என்றேன். அது என் இரண்டாவது பொய்.

மூன்றாவதை உனக்குச் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பெட்டி எடுத்த கப்டனின் படம் ஒன்றை மட்டும் நீ அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தாய். மற்றப் படங்கள் எதுவும் உங்களிடம் வராது, அயலவரின் முகம் வெளியே போகக்கூடாது என்பதற்காகப் படம் என் போனிலேயே இருந்து பத்து நாளில் அழியும், பெட்டி படித்த படிப்பு மட்டும்தான் உங்களுக்கு வரும் என்று நீயே சொல்லியிருந்தாய், அதுதான் எனக்கு ஒளிப்பிடம் ஆகிவிட்டது. பட்டப்பகல் அம்மா, நேருக்கு நேர் பார்க்குது, பூனை இல்லையெண்டு சொல்லுது, ஏனெண்டு எங்களுக்குப் பிடிபடேல்லை, கப்டனுக்கும் நீங்கள் சரியாத்தானே அழுத்தினீங்கள் என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். நீ இரண்டாம் தரம் கேட்கவில்லை. உன் வேலையிடத்து ஆட்கள் அம்மா அழுத்தினதில் பிழை இருக்குமோ என்று கேட்டபோது, என்ர அம்மா பதிவுக் கந்தோரில் முப்பது வருசம் ஒரு எழுத்துப் பிழை விடாதவ, அங்க பாக்க வேண்டாம் என்று சொன்னதாகச் சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாய். அதன் பிறகு மூன்று கிழமை நீ உன் கணக்கிலேயே பிழை தேடுகிறாய். முகம் வாடி, கண்ணுக்குக் கீழே கறுத்து, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டியா என்று கேட்டேன். வெட்கமில்லாமல் அதைத்தான் கேட்டேன்.

உனக்கு ஒன்று மறைக்காமல் எழுதுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். எனக்கு உன் மேல் கோபமும் இருந்தது. நீ பெட்டியைப் பூட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டாய், இங்கே தூக்கிப் புரட்டுகிறவள் நான். உலகத்துக் குருவியெல்லாம் தப்பவேண்டும் என்று அங்கே பெரிய கூட்டம் வைக்கிறார்கள், எங்கள் வீட்டில் ஒரு மனிதனின் ஒரு விரல் அசைவதை ஆர் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். குருவியா விரலா என்று ஆரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் விரல் என்றுதான் சொல்லியிருப்பேன், இப்போதும் அப்படித்தான் சொல்வேனோ தெரியாது. ஆனால் உன்னிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். மகளே, கப்டன் அப்பாவுக்கு வேண்டும், என்ன செய்யலாம் என்று ஒரு சொல். நீ ஏதாவது வழி கண்டிருப்பாய், வேறு பக்கத்தால் அவனுக்கு ஒரு பாதை வைத்திருப்பாய், குஞ்சு பொரிக்கிற அந்தக் கொஞ்ச நாளுக்கு மட்டும் என்ன செய்வது என்று யோசித்திருப்பாய். கேட்கிற தெம்பு கூட எனக்கு இருக்கவில்லை. பொத்தான் பக்கத்தில் இருந்தது, அழுத்தினேன்.

போன புதன்கிழமை நீ எடுத்தபோது போன் அப்பாவின் கட்டிலடியில் இருந்தது. இந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் பிழை தன்னுடையது என்று சொல்லிப் பொறுப்பில் இருந்து விலகப்போவதாகவும், பெட்டியை நம்பேலாது என்று அவர்கள் முடிவெடுத்தால் அங்கே கடற்கரையில் முட்டையிடுகிற குருவிகளுக்குப் பழையபடி பொறியும் மருந்தும்தான், பூனைகளைக் கொல்லத்தான் போகிறார்கள் என்றும் சொல்லி அழுதாய். நீ வைத்த பிறகு அப்பா போனைக் காட்டி இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இல்லை என்றால் என்ன இல்லை என்று கேட்டேன். உன் பிழை இல்லை என்கிறார். பெற்ற தகப்பனுக்குத் தெரிகிறது, ஏன் என்று மட்டும் தெரியாது. நான் கட்டில் ஓரத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், முதல் நாள் அழுத்தியதில் இருந்து, கப்டன் வாயை நக்கிக்கொண்டு வந்ததுவரை. நாற்பத்திரண்டு வருடச் சீவியத்தில் இப்படி அவருக்கு முன்னால் இருந்து நான் பாவசங்கீர்த்தனம் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நெடுநேரம் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தேத்தண்ணி குடித்து முடிந்ததும் போனைத் தா என்று கண்ணால் காட்டினார். அழியாமல் இருந்த பத்து நாள் படங்களில் கப்டனின் படம் பத்தொன்பது. போட்ட விடையைத் திருத்தலாம் என்று நீ காட்டித் தந்திருந்தாய். முதல் படத்தைத் திறந்து அவருடைய மடியில் வைத்தேன். நான் அழுத்துகிறேன் என்று சொன்னேன், இல்லை என்றார். இடது கையைக் கொண்டுவந்தேன், அதற்கும் இல்லை என்றார். வலது கையைத்தான் தூக்கி வைக்கும்படி கண்ணால் காட்டினார், தூக்கி வைத்தேன். கப்டனைத் தடவித் தடவி அசையப் பழகிய அந்தச் சுட்டுவிரலால் பூனை என்ற பொத்தானை அழுத்தினார். ஒரு படத்துக்கு மூன்று நாலு நிமிடம், விரல் விலகிப்போகும், திரும்பக் கொண்டுவருவார், வியர்த்து ஒழுகியது, லேஞ்சியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதையும் அவரே அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் கப் என்றார். முடிய மத்தியானம் ஆகிவிட்டது, நான் அன்றைக்குச் சோறு வைக்கவில்லை, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தேன், இரண்டு பேரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை கப்டன் மதிலில் ஏறினான், பெட்டி பீச்சியது. நான் குசினி யன்னலால் பார்த்தேன். அவன் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடினான். அன்றைக்கும் வரவில்லை, சனியும் வரவில்லை, நேற்றும் வரவில்லை, மாஸ்டரின் வான் வண்டிக்குக் கீழே படுத்திருக்கிறானாம், மீனை அங்கே கொண்டுபோய் வைக்கிறேன், தின்கிறான், தூக்க விடுகிறானில்லை. வெள்ளிக்கிழமை ஜுமானா துவாயைச் சுருட்டிக் கொடுத்தா, அப்பா கண்ணை மூடிக்கொண்டு முயன்றார், விரல் அசையவில்லை. ஜுமானாவுக்கும் எல்லாம் சொன்னேன். துவாயை மடித்து வைத்துவிட்டு, முன்வாசலால அவன் வாற மாதிரிப் பழக்குவம் அன்ரி, நாளெடுக்கும் என்றா. எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அப்பா வாசலைப் பார்க்கிறார், ஆனால் கூப்பிடுவதில்லை. ஆட்காட்டிகள் திரும்பவும் மூன்று முட்டை இட்டு அடைகாக்கின்றன, ஆனி பிறக்க முன் பொரிக்குமாம். மாஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தவில்லை.

இனி நீ செய்யவேண்டியது. தை மாதத்தில் இருந்து போன வியாழன் காலை வரைக்கும் இந்த வீட்டில் இருந்து வந்த விடைகளை நம்பாமல் எடுத்து எறிந்துவிடச் சொல். பழைய படங்கள் அழிந்துவிட்டபடியால் எது பொய் எது மெய் என்று நான் பிரித்துத் தர ஏலாது. பெட்டிக்குச் சொன்னது பொய், அது சொன்னபடி கேட்டது, அதுதான் நடந்தது. உன் கணக்கில் பிழை இல்லை. நீ விலகத் தேவையில்லை, விலகினால் என் பொய்க்காக விலகுகிறாய், அதை நான் தாங்கமாட்டேன். ஒரு களைத்த மனுசி வீட்டில் இருந்து பொத்தானை அழுத்துவாள், அவளுக்கும் ஒரு பூனை இருக்கும், அதையும் யோசித்து அடுத்த பெட்டியைச் செய்யுங்கள் என்று வேண்டுமென்றால் அவர்களுக்குச் சொல், அது என் புத்தி, எடுத்தால் எடுக்கட்டும்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், வேலையிடத்தில் உன் முகம் வாடாமல் இருக்கட்டும், சம்மனசுக்கள் முன்னும் பின்னும் நடக்கட்டும். அப்பாவின் ஆசீரும் இதில் இருக்கிறது, இந்தக் கடிதத்தை எழுத எழுத வாசித்துக் காட்டினேன், எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதே. இரவுச் சாப்பாட்டை விடாதே. கோபம் ஆறும் மட்டும் போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் கோபம் ஆறியதும் எடு.

கடைசியாக ஒன்றை மறந்துவிடாதே. கூட்டத்தில் நீ கொடுக்கிற அறிக்கையில், பெட்டியைப் பாவித்த ஒருவர் பிழையான விடை கொடுத்தார் என்று எழுதி என்னை மறைக்கப் பார்ப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். அப்படி எழுதாதே. முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளின் பெயரை எல்லாம் சரியாக எழுதினேன், இந்த இடத்தில் என் பெயரும் சரியாக வரவேண்டும். பார்த்து எழுத வசதியாகக் கீழே முழுவதும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பூனை என்று தெரிந்தும் பூனை இல்லை என்று விடை கொடுத்தவள்,
உன் அம்மா,
மாகிரட் டொமினிக்.